கைப்பணி ஒலிபெருக்கியும் அதன் கிறிலும்

விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் கட்டுரை எழுதப் புகுந்தால், அது பழந்தமிழ்ச் செய்யுளைப் பற்றியோ, சமயகுரவரைப் பற்றியோ, கல்லூரியின் பழம்பெருமையைப் பற்றியோ இருத்தல் வேண்டும் என்பது எழுதா விதி. அவ்விதியை இம்முறை நான் மீறுகின்றேன். மலராசிரியர் என்னிடம் வந்து, "சேர், மண்டபத்திலுள்ள ஒலிபெருக்கிப் பெட்டிகளை நீங்களும் பிள்ளைகளுமாகச் செய்த கதையை எழுதித் தாருங்கள், பழைய மாணவர் பலர் விசாரிக்கின்றார்கள்" என்றார். பெட்டி செய்த கதை பெரிது. அதனை முழுவதும் எழுதினால் மலரிலே மற்றையோருக்கு இடம் இராது. ஆகவே, பெட்டியின் முகத்தை மூடுகின்ற அந்த ஒரு முழத் துணியையும், அதனைத் தாங்குகின்ற சட்டத்தையும் பற்றி மாத்திரமே எழுதத் துணிந்தேன். அத்துணியிலேதான் நான் பிழைவிட்டேன். அப்பிழையினால் ஒரு மாணவனுக்கு அநீதியும் செய்தேன்.

முதலிற் பெயரைப் பற்றிச் சிறிது. ஒலிபெருக்கியின் முகத்தை மூடுவது துணியாயினும், துளையிட்ட தகடாயினும், பிரம்புப் பின்னலாயினும், கடைக்காரரும் தச்சரும் அதனைக் 'கிறில்' என்றே வழங்குகின்றனர். சாளரத்துக் கம்பியும் கிறில். படலையின் இரும்பு வேலைப்பாடும் கிறில். தமிழாசிரியனாகிய எனக்கு இது பொறுக்கவில்லை. 'முகவலை', 'முன்றிரை' என்று இரண்டொரு சொற்களைப் புனைந்தேன். புடைவைக் கடையிலே போய் முன்றிரைத் துணி வேண்டுமென்று கேட்டேன். கடைக்காரர் கதவுத்திரைக்குரிய வெல்வெட்டுத் துணியை எடுத்து விரித்தார். மேடைத் திரையின் நிறத்துக்கு அது பொருந்தியிருந்தமையால் அதனையே வாங்கிவந்தேன். பின்னர் நேர்ந்த விபத்துக்கு என் தனித்தமிழ்ப் பற்றும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்ளுகின்றேன். இக்கட்டுரையிலே கிறில் என்றே எழுதுவேன்.

நான் கண்ட முதலாவது கிறில் ஒரு மண்முட்டியின் வாயிலே இருந்தது. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோயிற்று. அதன்பின் பல ஆண்டுகள் நாம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னைக் கொண்டு வானொலி கேட்டோம். இதனை என் வயதொத்த பழைய மாணவர் எவரும் மறந்திரார். எங்கள் வீட்டு வானொலியின் பெட்டி உடைந்துபோயிற்று. தமையனார் அதன் ஒலிபெருக்கியைக் கழற்றி, முட்டியொன்றின் வாயிலே முகம் மேலே பார்க்க வைத்தார். அதனாலே தாழ்ந்த குரல்களுக்கு ஒரு கனம் உண்டாயிற்று. ஆனால் இரண்டாம் நாளே பல்லியொன்று கூம்புத் தாளின்மேல் விழுந்து தத்தளித்தது. அம்மா தமது பழைய வொயில் சேலையிலே ஒரு துண்டைக் கிழித்து, முட்டியின் வாயை மூடி, சைக்கிள் ரியூபிலே வெட்டிய இறப்பர் வளையத்தாற் கட்டிவிட்டார். ஒலி சிறிதும் குறையவில்லை. மெல்லிய துணி, இழுத்துக் கட்டிய கட்டு, வேண்டும்பொழுது கழற்றக்கூடிய வளையம் என்று ஒரு நல்ல கிறிலுக்கு வேண்டிய யாவும் அதிலே இருந்தன. முப்பது வருடத்தின் பின் மண்டபத்துக்குப் பெட்டி செய்தபொழுது அம்மாவின் அறிவு எனக்கு வரவில்லை.

கிறில் எதற்காக என்று கேட்டால் அழகுக்கு என்றே பலர் விடை கூறுவர். அழகு பின்னர் வருவது. ஒலிபெருக்கியின் கூம்பு பெரும்பாலும் தாளினாலானது. தாழ்ந்த ஒலிகளைத் தருகின்ற வூபரின் கூம்பைச் சிறுபிள்ளையின் விரல் ஒருமுறை அழுத்தினாற் போதும், மடிப்பு விழுந்துவிடும். உயர்ந்த ஒலிகளைத் தருகின்ற ருவீற்றரின் குமிழோ அதனினும் மெலிது. நமது வீடுகளிலே தூசி, நுளம்பு, கரப்பொத்தான், பல்லி என்று கூம்பை நாடி வருவன பல. பெட்டியின் காற்றுத் துளையிலே குளவி மண்கூடு கட்டியதையும் நான் கண்டிருக்கின்றேன். நிலைமின் ஒலிபெருக்கி என்று ஒருவகை உண்டு. 1957 இல் இங்கிலாந்திலே குவாட் நிறுவனத்தார் வெளியிட்டது அவ்வகையிற் புகழ்பெற்றது. அதனுள்ளே சில ஆயிரம் வோற்று மின்னழுத்தம் நிற்கும். அங்கே துளைத்தகட்டுக் கிறிலானது ஒலிபெருக்கியை மனிதரிடமிருந்து காப்பதோடு மனிதரை ஒலிபெருக்கியிடமிருந்தும் காக்கின்றது. நாம் வீட்டிலே செய்வன அவ்வளவு அபாயமானவையல்ல.

இனி அந்த விபத்தைச் சொல்லுகின்றேன். பழைய மாணவர் சிலர் அன்பளிப்பாகத் தந்த ஒலிபெருக்கிகளைக் கொண்டு இரண்டு பெட்டிகள் செய்து, வெல்வெட்டுத் துணியால் முகம் மூடி, மண்டபத்திலே ஏற்றினோம். பார்வைக்கு மிகவும் கம்பீரமாக இருந்தன. அத்தவணையிலே கீழ்ப்பிரிவு மாணவருக்குச் சொல்வதெழுதுதற் போட்டி நடந்தது. எல்லா வகுப்புக்கும் ஒரே குரல் கேட்கவேண்டுமென்று என் குரலை முன்னரே பதிவுசெய்து, அப்பெட்டிகளின் மூலம் ஒலிக்கச் செய்தேன். தனிச்சொற்கள் இருபது. கடைசி வரிசையிலிருந்த ஒரு மாணவன், தமிழிலே அவ்வகுப்பில் முதல்வனாக வருபவன், 'காசு' என்பதைக் 'காது' என்றும், 'மாசு' என்பதை 'மாது' என்றும், 'வாசி' என்பதை 'வாதி' என்றும் எழுதியிருந்தான். பரிசு வேறொருவனுக்குப் போயிற்று. நான் அவனை அழைத்து, காதைக் கழுவிக்கொண்டு வா என்று வகுப்பின் முன்னே சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

இரண்டு கிழமைகளின் பின் ஒரு பெட்டியிலே கம்பியொன்று விட்டுப்போயிற்று. சனிக்கிழமை மண்டபத்தைத் திறந்து, துணிச் சட்டத்தைப் பெயர்த்து வைத்துவிட்டு, கம்பியைச் சேர்த்து, கைக்கு வந்த பதிவை ஒலிக்கவிட்டேன். அது அந்தச் சொல்வதெழுதுதற் பதிவு. உதவிக்கு வந்து மண்டபத்தின் கோடியிலே நின்றவன் அதே மாணவன். "சேர், இப்ப காசு எண்டு தெளிவாய்க் கேக்குது" என்றான். துணியை மீண்டும் வைத்தேன். "இப்ப காது" என்றான். நானே கோடிக்குப் போய் நின்று கேட்டேன். அவன் சொன்னது உண்மை. விடைத்தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தபொழுது, பின்வரிசைகளிலிருந்த பலரும் அதே சொற்களிலேயே பிழைவிட்டிருந்தமை தெரிந்தது. திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையின்பின் அதிபரின் அனுமதியுடன் மேடையிலேறி, பிழை மாணவருடையதன்று, என்னுடையது என்று சொன்னேன். புள்ளிகள் திருத்தப்பட்டன, அவனுக்கும் ஒரு பரிசு கிடைத்தது. ஆயினும் வகுப்பின் முன்னே சொன்ன சொல்லை நான் எவ்வாறு திரும்ப எடுப்பது? அதன்பின்னரே கிறிலைப் பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

இதன் காரணத்தை விளக்குதல் வேண்டும். நமது பேச்சிலே உயிரொலிகளின் சக்தி பெரும்பாலும் தாழ்ந்த மீடிறன்களிலே, அதாவது செக்கனுக்குச் சில நூறு முதல் இரண்டு மூவாயிரம் வரையான அதிர்வுகளிலே உள்ளது. 'காசு' என்னும் சொல்லிலே வருகின்ற சகரமோ நாக்குக்கும் பல்லடிக்கும் இடையே காற்று உரசிப் பிறப்பது. அதன் சக்தி 4,000 ஹேட்சுக்கு மேலேயே மிகுந்து நிற்கும். தடித்த துணி தாழ்ந்த ஒலிகளைத் தடுப்பதில்லை. உயர்ந்த ஒலிகளையே ஒரு பங்கு உறிஞ்சி ஒரு பங்கு திருப்பி அனுப்பிவிடும். ஆதலின் சொல்லின் உடம்பு கேட்கும். மெய்யின் கூர்மை கேளாது. உரசல் ஒலி தேய்ந்துவிட்டாற் சகரம் தகரம்போலத் தோன்றும். முன்வரிசையினர் பெட்டிக்கு அணித்தாக இருந்தமையால் எஞ்சியதைக் கொண்டு ஊகித்துக்கொண்டனர். கடைசி வரிசைக்குப் போகுமுன் மண்டபத்தின் எதிரொலி அந்த எச்சத்தையும் மூடிவிட்டது. 'ஒலி குறைவாயிருக்கின்றது' என்று எவரும் முறையிடாமைக்குக் காரணமும் இதுவே. ஒலியின் அளவு குறையவில்லை; அதன் ஒரு பகுதியே காணாமற்போயிற்று. இசை கேட்பவருக்கு இது தாளத்தின் சலங்கை மங்கியதாகத் தோன்றும். மொழி கற்பிப்பவனுக்கு இது எழுத்துப்பிழை.

ஆகவே, துணியைத் தெரிவுசெய்யும்பொழுது நிறத்துக்கு முன் அதன் இழையை நோக்குக. எளிய சோதனை ஒன்று உண்டு. துணியை ஒற்றையாக வாயருகே பிடித்து ஊதுக. மறுபுறத்திலே வைத்த உள்ளங்கையிற் காற்றுத் தடையின்றிப் படவேண்டும். ஊதுவதற்கு முயற்சி வேண்டியிருப்பின் அத்துணி ஆகாது. பின்னர் அதனை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்குக. இழைகளுக்கிடையே வெளிச்சம் புள்ளிபுள்ளியாகத் தெரிதல் வேண்டும். கடையிலே நின்று துணியை ஊதிப் பார்த்தபொழுது விற்பனைப் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் செய்யும் சோதனை இதனினும் நம்பத்தக்கது. எவ்.எம். வானொலியை நிலையம் ஒன்றும் இல்லாத இடத்திலே திருப்பிவைத்தால் 'உஸ்' என்னும் இரைச்சல் வரும். அவ்விரைச்சலிலே தாழ்ந்தவும் உயர்ந்தவுமான எல்லா மீடிறன்களும் கலந்துள்ளன. அதனை ஒலிபெருக்கியிலே ஒலிக்கவிட்டு, நீங்கள் கண்ணை மூடியிருக்க, வேறொருவர் துணியை ருவீற்றருக்கு முன்னே வைத்தும் எடுத்தும் காட்டட்டும். எப்பொழுது துணி வந்தது எப்பொழுது போயிற்று என்று உங்களாற் சொல்ல முடியாவிட்டால் அத்துணி நல்லது. வயது சென்றவர்களின் காதுக்கு உயர்ந்த மீடிறன்கள் சரியாகக் கேளா. ஆகையால், இச்சோதனைக்கு வீட்டிலுள்ள சிறுபிள்ளையை நீதிபதியாக வைத்துக்கொள்ளுதல் நன்று. இக்காலத்திலே கைத்தொலைபேசியிற் செயலியொன்றை இறக்கி, மீடிறனுக்கு ஏற்ப ஒலியின் அளவை வரைபாகவே காணலாம். தொலைபேசியை அசைக்காது ஓரிடத்தில் வைத்து, துணியுடன் ஒருமுறையும் துணியின்றி ஒருமுறையும் எடுத்து, இரண்டு கோடுகளையும் ஒப்பிடுக. இரண்டுக்கும் ஒரு டெசிபெல் வேறுபாடு என்றாற் கவலையில்லை. எங்கள் வெல்வெட்டுத் துணியின் கோடு நாலாயிரத்துக்கு மேல் மலைச்சரிவுபோல இறங்கிற்று. அவ்வரைபை அச்சிட்டு வகுப்புச் சுவரிலே ஒட்டியவன் நான் மேலே குறித்த மாணவனே. அதன் கீழே அவன் எழுதிய வாசகத்தை ஈண்டு எழுதேன்.

மேனாட்டிலே 1950களில் வானொலிப் பெட்டிகளுக்கு 'ரைகன்' என்னும் செயற்கை இழைத் துணியைப் பெரிதும் பயன்படுத்தினர். இழைகள் வழவழப்பாயும் இடைவெளி விட்டும் நெய்யப்பட்டிருக்கும். நமது தாத்தாமாரின் வானொலிப் பெட்டிகளிலே பொன்னிறமும் கபிலமும் கலந்து மின்னிய துணிகளை நினைவுகூருக. இன்று ஒலிபெருக்கிக்கென்றே நெய்த கறுப்புத் துணி பெருநகரங்களிலுள்ள இலத்திரனியற் கடைகளிற் கிடைக்கின்றது. அது கிடையாவிடத்துப் பின்னல் வகையான மெல்லிய பொலியெஸ்ரர்த் துணி உதவும். எப்பக்கமும் இழுபடுவதால் அதனைச் சட்டத்தின் மூலைகளிற் சுருக்கமின்றி மடிப்பது எளிது. வொயில் போன்ற மெல்லிய பருத்தித் துணி ஒலிக்கு மிக நல்லது. ஆனால் மாரியும் கோடையும் மாறிமாறி வர, ஈரம் ஏறியும் இறங்கியும், நாளடைவிலே தொய்ந்துவிடும். புதுப் பருத்தித் துணியைத் தோய்க்காது பயன்படுத்தலும் ஆகாது. அதிலே ஏற்றியுள்ள கஞ்சி இழைகளின் இடைவெளியை அடைத்துக்கொண்டிருக்கும். ஒரே துணி கஞ்சியுடன் ஊதற் சோதனையிற் தோற்று, தோய்த்து உலர்த்தியபின் வென்றதை நான் கண்டேன். நிறம் ஊட்டவேண்டுமாயின் சாயத்திலே தோய்க்குக. பூச்சு அடித்தாற் பூச்சும் கஞ்சியின் வேலையையே செய்யும். நுளம்பு வலை ஒலிக்குச் சிறிதும் தடையன்று, விலையும் மலிவு. ஆயின் உள்ளேயிருப்பது யாவும் வெளியே தெரியும். பெட்டியின் முகப்பு முழுவதையும் மங்கற் கறுப்பாக்கினால் அக்குறை பெரிதாகத் தோன்றாது.

ஸ்பொஞ்சுக் கிறிலைப் பற்றி ஒரு சொல். 1970 இல் அமெரிக்காவிலே ஜே.பி.எல். நிறுவனத்தார் வெளியிட்ட எல்.100 என்னும் ஒலிபெருக்கிக்குச் சதுரஞ்சதுரமாக வெட்டிய ஸ்பொஞ்சு முகம் இருந்தது. பார்க்க அழகானது. ஆனால் அவ்வகை ஸ்பொஞ்சு காலஞ்செல்லப் பொடிப்பொடியாக உதிர்ந்து கூம்பின்மேற் படிந்தது. ஈரப்பதன் மிகுந்த நமது நாட்டிலே அதனை நாடவேண்டாம்.

துளைத்தகடு மண்டபத்துக்கும் பந்தடிக்கும் இடங்களுக்கும் ஏற்றது. இதிலே கவனிக்கவேண்டியது தகட்டின் பரப்பிலே எவ்வளவு பங்கு துளையாக உள்ளது என்பது. துளைகள் தேன்கூடுபோல ஒன்றுவிட்டொன்று அமைந்திருப்பின், துளையின் விட்டத்தை அடுத்தடுத்த இரு துளைகளின் மையங்களுக்கிடையேயுள்ள தூரத்தால் வகுத்து, வந்ததைத் தன்னாற் பெருக்கி, 90.7 ஆற் பெருக்குக. நூற்றுக்கு எத்தனை பங்கு திறப்பு என்பது கிடைக்கும். 3 மில்லிமீற்றர்த் துளை, மையத்திலிருந்து மையத்துக்கு 4 மில்லிமீற்றர் என்றால், நூற்றுக்கு 51 பங்கு திறப்பு. அதே துளையை 5 மில்லிமீற்றருக்கு ஒன்றாக வைத்தால் 33 பங்கே தேறும். துளைகள் தேன்கூடாக அன்றிச் சதுரங்கப் பலகைபோல நேர்வரிசையில் இருப்பின் 90.7 க்குப் பதிலாக 78.5 ஐக் கொள்ளுக; 3 க்கு 4 என்னும் தகடு அப்பொழுது 44 ஆகக் குறையும். பாதிக்கு மேல் திறப்புள்ள, ஒரு மில்லிமீற்றரளவு தடிப்புள்ள தகட்டையே தேடுக. கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் இக்கணக்கை வகுப்பிலே கொடுத்தார்; மாணவர் மூவர் தத்தம் வீட்டு வானொலியின் முகத்தை அடிமட்டத்தால் அளந்துகொண்டு வந்தனர்.

இரும்புத் தகடு கடற்காற்றிலே கறள் பிடிக்கும். குடாநாட்டிலே கடலுக்குத் தொலைவான ஊர் ஒன்றுமில்லை. அலுமினியமே மேல். எத்தகடாயினும் அதற்கு ஓர் இயல்பு உண்டு: தன் இயல்பான மீடிறன் வந்தபொழுது பரிவுற்றுத் தானும் பாடத் தொடங்கும். விரலின் கணுவாலே தட்டிப் பார்க்குக; 'கிண்' என்று நீண்டு ஒலித்தால் ஓரங்களிலே இறப்பர் நாடாவை ஒட்டி இறுக்குக. தகட்டைச் சற்றே வில்போல் வளைத்தாலும் விறைப்பு ஏறி அவ்வொலி அடங்கும்.

பிரம்புப் பின்னலை விரும்புவோர் உளர், நானும் விரும்புகின்றேன். பழைய சாய்மனைக் கதிரையிலுள்ள அறுகோணப் பின்னலிலே திறப்பு மிகுதி. ஒலி தாராளமாகப் போகும். எனினும் ஓர் இழை தளர்ந்தாலும் குறிப்பிட்ட சுருதிக்கு அது வண்டுபோல முரலும். எங்கிருந்து வருகின்றது என்று தேடித் தேடி அலுத்துப்போவோம். ஒவ்வொரு முனையையும் பசையிட்டுச் சட்டத்திலே அடக்கிவிடவேண்டும். பின்புறத்திலே மெல்லிய கறுப்புத் துணியும் வேண்டும்; அன்றேற் பூச்சிகளுக்கு அது வாயில்.

இனிச் சட்டம். நல்ல துணியைத் தெரிந்துவிட்டு அதனைப் பொருந்தாத சட்டத்திலே அடித்து ஒலியைக் கெடுத்தவர்கள் பலர். தச்சர் வழக்கமாக ஓரங்குல றீப்பையிலே படத்துக்குச் சட்டம் போடுவதுபோலச் செய்து தருவர். அச்சட்டத்தின் உட்பக்கம் ருவீற்றருக்கு அருகே ஒரு மதில்போல எழுந்து நிற்கும். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்வது. ஆதலின் 100 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீற்றர், அதற்கு ஓரங்குல மதில் ஒரு பொருட்டன்று. 10,000 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளமோ 34 மில்லிமீற்றர். அதற்கு அது மெய்யான மதில். அங்கே பட்டுத் தெறித்து வரும் ஒலி நேரே வரும் ஒலிக்குச் சற்றுப் பிந்தி வந்து அதனோடு கலக்கும். அவ்வாறு கலக்கும்பொழுது சில மீடிறன்கள் குன்றும், சில மிகும். பாடகரின் குரல் ஒரு குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்குப் பரிகாரம் எளிது. சட்டத்தை 9 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையிலே ஒரே துண்டாக வெட்டுக. உள்விளிம்பைச் சீவுளியாலும் அரத்தாலும் சரிவாகச் சாய்த்துவிடுக, மதில் மேடாகிவிடும். குறுக்குச் சட்டம் வேண்டுமாயின் அது ருவீற்றருக்கு முன்னே செல்லலாகாது. இரு ஒலிபெருக்கிகளுக்கும் இடையே செல்லட்டும். பி.பி.சி.யினர் 1970களிலே வகுத்த எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறுபெட்டியிலே ருவீற்றரைச் சூழத் தடித்த பெல்ற்றுத் துணியை ஒட்டியிருந்தனர். விளிம்பை நோக்கிச் செல்லும் ஒலியை அது இடையிலேயே உறிஞ்சிவிடும். அப்பெட்டி கிறிலுடன் கேட்பதற்கென்றே வகுக்கப்பட்டது; கிறிலைக் கழற்றினால் ஒலி மாறும். ஆகையால், நீங்கள் பெட்டி அமைத்துச் சமன்செய்யும்பொழுது கிறிலைப் போட்டு வைத்தே கேட்டுச் சமன்செய்க. எல்லாம் முடிந்தபின் கிறில் செய்வோம் என்று விட்டால் என் கதிதான்.

வூபரின் கூம்பு உரத்த இசைக்கு முன்னும் பின்னும் பல மில்லிமீற்றர் அசைவது. அதன் விளிம்பிலுள்ள இறப்பர் வளையமும் பலகைக்கு மேலே புடைத்து நிற்கும். அவ்வளையத்தின் உச்சிக்கும் துணிக்கும் இடையே நாங்கள் 12 மில்லிமீற்றர் விட்டோம். 9 மில்லிமீற்றர்ச் சட்டம் போதாதபடியால் அதன் அடியிலே சிறு இறப்பர்க் கால்களை வைத்து உயர்த்தினோம். காற்றுத் துளையைத் துணியால் மூடாது விட்டோம். அவ்வழியாற் காற்று வேகமாக வந்துபோகும்பொழுது துணி படபடக்கும். குளவிக்காகத் துளையின் உள்ளே அகலக் கண்ணுள்ள வலைத்துண்டு ஒன்றை மாத்திரம் வைத்தோம்.

துணியை இழுத்து அடிப்பது ஒரு கலை. ஆயினும் ஒரு மாலையிற் பழகிவிடலாம். முதலிலே சட்டத்துக்கு மங்கற் கறுப்புப் பூசுக. இல்லையேல் வெண்மரம் துணியூடாகத் தெரியும். துணியைச் சூடான அழுத்தியால் மெல்லத் தேய்த்து, மேசையிலே முகங்கீழாக விரித்து, அதன்மேற் சட்டத்தை வைத்து, நான்கு பக்கத்தின் நடுவிலும் ஒவ்வோர் ஊசி அடிக்குக. பின்னர் நடுவிலிருந்து மூலைகளை நோக்கி, எதிரெதிர்ப் பக்கங்களை மாறிமாறி இழுத்து அடித்துச் செல்லுக. ஒரு பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் இழைகள் கோணும். கோணிய இழை தொலைவிலிருந்தும் தெரியும். மூலைகளிலே மிகுதியை வெட்டுமுன் மடித்துப் பார்க்குக. இரும்பு ஊசிகள் ஈரத்திலே கறள் பிடித்துத் துணியிலே மஞ்சட் கறையை உண்டாக்கும். துருப்பிடியா உருக்கு ஊசியோ பித்தளைச் சிற்றாணியோ நன்று. பசை பூசுவோர் சட்டத்தின் பின்புறத்திலே மாத்திரம் பூசுக. முகப்பிலே ஊறிய பசை போகவே போகாது. பொலியெஸ்ரர்த் துணி சற்றுத் தொய்வாக அமைந்துவிட்டால், தலைமயிர் உலர்த்தும் கருவியின் சூட்டைத் தொலைவிலிருந்து காட்ட அது சுருங்கி இறுகும். அருகே காட்டி ஒரு துணியை நாங்கள் உருக்கினோம்.

கடைசியாகச் சட்டத்தைப் பெட்டியோடு பொருத்துதல். வெல்குறோ நாடாவை நான்கு மூலையிலும் ஒட்டுவது எளிது. வெப்பத்திலே அதன் பசை இளகிச் சில வருடத்திற் கழன்றுவிடுவதால், நாடாவை ஒட்டியதோடு நில்லாது இரண்டிரண்டு சிற்றாணியும் அடிக்குக. பிளாத்திக்கு முளையும் குழியும் கொண்ட பொருத்திகள் கடையிலே உண்டு. அவற்றுக்குத் துறப்பணத்தாற் துளையிடும்பொழுது சட்டத்துத் துளையும் பெட்டியின் துளையும் ஒரு மில்லிமீற்றரும் பிசகலாகாது. சட்டத்தை முதலிலே பெட்டியின்மேல் வைத்து, சிறுதுளையை இரண்டினூடாகவும் ஒருமிக்க இட்டுக்கொண்டு பின்னர் பெருப்பித்தால் பிசகு வராது. நாங்கள் விரும்பியது காந்தம். 10 மில்லிமீற்றர் விட்டமும் 3 மில்லிமீற்றர் தடிப்புமுள்ள நியோடிமியக் காந்தங்களைச் சட்டத்திலே குழியிட்டுப் பதித்து, அவற்றுக்கு நேரே பெட்டியின் முகத்திலே உருக்குத் திருகாணித் தலைகளை மட்டமாக வைத்தோம். இருபுறமும் காந்தம் வைத்தால் முனை மாறி ஒன்றையொன்று தள்ளும் அபாயம் உண்டு. ஒருபுறம் திருகாணியாயின் அத்தொல்லை இல்லை. முதல் நாள் சட்டம் ஒட்டவேயில்லை. காந்தம் பழுதென்று நினைத்தேன். பார்த்தால், கறளுக்குப் பயந்து நான் வாங்கியவை துருப்பிடியா உருக்குத் திருகாணிகள். அவ்வகையிற் பல காந்தத்தாற் கவரப்படா. அதன்பின் திருகாணி வாங்கப் போகும்பொழுது சட்டைப் பையிலே ஒரு காந்தத்தைக் கொண்டுபோகின்றேன்.

காந்தத்தைப் பற்றி வீட்டார்க்கு ஓர் எச்சரிக்கை. சிறுபிள்ளை இத்தகைய இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால், அவை குடலின் இருவேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று கவர்ந்து இடையிலுள்ள குடலைத் துளைத்துவிடும், சத்திரசிகிச்சை வேண்டிவரும். ஆதலின் காந்தத்தைப் பசையிட்டுப் பதித்தபின் மேலே மெல்லிய மரத்தகடொன்றை ஒட்டி மூடுக. சிறுவர் உலாவும் வீட்டிலே முளையும் குழியுமே போதும். மேலும், மண்டபத்திலே பிள்ளைகளின் தலைக்கு மேலே தொங்கும் பெட்டிக்குக் காந்தமும் ஆகாது, வெல்குறோவும் ஆகாது. இறப்பர் வளையம் இட்ட நான்கு திருகாணிகளால் முடுக்கி, அதன்மேலும் ஒரு கம்பியாலே சட்டத்தைப் பெட்டியோடு பிணைத்துவைக்கவேண்டும். எங்கள் மண்டபப் பெட்டிகள் இப்பொழுது அவ்வாறே உள்ளன. காந்தம் வைத்த சோடி ஆசிரியர் ஓய்வறையிலே இருக்கின்றது.

மாதமொருமுறை சட்டத்தைக் கழற்றி, வெளியே கொண்டுபோய், பின்புறத்திலிருந்து மெல்லத் தட்டித் தூசியைப் போக்குக. பெட்டியிலே இருக்கும்பொழுது தூசியுறிஞ்சியைத் துணியின்மேற் பிடித்தால், துணியைக் கடந்து ருவீற்றரின் குமிழையும் அது இழுத்துவிடும். துணி கிழிந்தால் மாற்றுவதற்கு அதே சுருளிலிருந்து இரண்டு முழம் மிகுதியாக வாங்கி வைத்திருக்கின்றோம்.

அந்த வெல்வெட்டுத் துணியை நான் எறியவில்லை. சங்கீத அறையிலுள்ள ஆர்மோனியத்துக்கு அதனை உறையாகத் தைத்துக் கொடுத்தோம். தூசி நன்றாக அடங்குகின்றது. ஓரத்தை விரித்துப் பார்த்தால் நான் அடித்த ஊசிகளின் துளைகள் இன்னும் வரிசையாகத் தெரியும்.